துணிவுக்கும் இலக்கணம் உண்டு

மண்ணுலகில் பயணம் செய்து, முன்வாழ்ந்தோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை மனிதனைப் பல இடங்களில் தூண்டுகின்றது. அத்தூண்டுதலை ஏற்று நடந்தோரின் வரிசை மிக நீண்டது. 1325-ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் அகவையில், மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்பட்ட இப்னு பதூதா, ஏறத்தாழ முப்பதாண்டுகள் உலகை வலம் வந்தார். இந்துகுஷ் மலைத்தொடரைக் கடந்து இந்தியாவுக்குள் நுழைந்தார். தில்லியில் நீதிபதியாய் அமர்ந்தார். இலங்கையில் இரும்புச் சங்கிலிகளைப் பற்றியேறி ஆதம் மலையின் உச்சியைக் கண்டார். மஅபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழகக் கரையிலும் கால் பதித்தார். அவர் சொல்லக் கேட்டு எழுதப்பட்ட பயண நூல் இன்றும் வரலாற்றாசிரியர்க்குச் சான்றாய் நிற்கின்றது. பயணமும் இடரும் கல்வியும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இன்று பயணம் புதியதொரு வடிவம் கொண்டுள்ளது. கோட்டையையும் கோபுரத்தையும் கண்டு திரும்புவதோடு இன்றைய இளைஞர் நிறைவடைவதில்லை. மலையேறவும், பாய்ந்தோடும் ஆற்றில் இரப்பர்ப் படகு செலுத்தவும், குடைபோல் விரிந்த துணிச்சிறகில் வானில் மிதக்கவும், கடலடியில் மூழ்கிப் பவளப் பாறைகளைக் காணவும் அவர்கள் விழைகின்றனர். சாகசப் பயணம் என்று இதனைக் குறிக்கின்றோம். இது குறித்து நம் மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் ஒருங்கே சிந்திக்க வேண்டும் என்னும் அவாவினால் இக்கட்டுரை எழுந்தது.

ஐந்திணையும் ஒரு நாட்டில்

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்து, அந்நிலத்துக்கேற்ப வாழ்வையும் வகுத்த மரபினர் நாம். அவ்வைந்தும் பெரும் அளவில் விரிந்து கிடக்கும் நாடு இந்தியா. 8,586 மீட்டர் உயர்ந்த கஞ்சன்ஜங்கா இந்நாட்டுக் குறிஞ்சியின் உச்சி. லடாக், ஸ்பித்தி ஆகிய இமயமலைப் பகுதிகளில் குளிர்ப்பாலைகள் உள்ளன. இராஜஸ்தானத்தில் ஜெய்சால்மரின் மணற்குன்றுகளில் ஒட்டகப் பயணம் நடைபெறுகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நடைப்பயணக் குழுக்கள் செல்கின்றன. ரிஷிகேசத்துக்கு மேலே கங்கையின் சுழல்களில் ராஃப்டிங் எனப்படும் படகுப் பயணம் நிகழ்கின்றது. அதன் அருகே மோகன் சட்டி என்னும் இடத்தில் கால்களில் கயிறு பிணித்து 83 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கும் பஞ்சி விளையாட்டும் உண்டு. இமாசலப் பிரதேசத்துப் பீர் பில்லிங், பாராகிளைடிங் என்னும் வான்மிதப்புக்கு உலகப்புகழ் பெற்றது. 2015-ஆம் ஆண்டில் உலகக் கோப்பைப் போட்டியே அங்கு நடந்தது. அந்தமானிலும் இலட்சத்தீவிலும் கர்நாடகத்து நேத்ராணித் தீவிலும் ஸ்கூபா எனப்படும் ஆழ்கடல் மூழ்கலுக்கு வாய்ப்புண்டு.

தமிழகமும் இதில் பின்தங்கியதன்று. 1994-ஆம் ஆண்டில் பதின்மூன்று வயதே நிரம்பியிருந்த குற்றாலீசுவரன், ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்து, ஐந்து கடந்திருந்த மிஹிர் சென்னின் சாதனையை விஞ்சினார். சென்னைக்கு அருகே கோவளத்து மீனவ இளைஞர் அலைச்சறுக்கில் பெயர் பெற்றுள்ளனர். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது. நம் குழந்தைகளுக்கு ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்லிவிட இயலாது.

இரு சாரார்

இருப்பினும் இப்பயணங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியோர் பலர் முகம் சுளிக்கின்றனர். அவர்தம் தடையுரைகள் எளிதில் ஒதுக்கத்தக்கவையல்ல. உயிர் இறைவன் தந்த அமானிதம். அதனை விளையாட்டுக்காகப் பணயம் வைக்கலாமா என்று வினவுகின்றனர். தம் கைகளாலேயே தம்மை அழிவில் ஆழ்த்திக்கொள்ளலாகாது என்னும் திருமறையின் எச்சரிக்கையை நினைவூட்டுகின்றனர். தந்தை வெளிநாட்டில் வியர்வை சிந்தி அனுப்பிய பணத்தை மகன் மலைச்சரிவில் கொண்டுபோய்க் கொட்டுவது வீண் விரயம் என்கின்றனர்.

இளைஞரோ இவற்றையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடுகின்றனர். கைப்பேசியில் ஒரு நிமிடப் படம் பார்த்து, அதில் கண்ட எண்ணுக்குப் பணம் அனுப்பி, வீட்டில் நண்பன் திருமணம் என்று சொல்லிவிட்டுப் புறப்படுவோர் உண்டு. எந்த மலை, எவ்வளவு உயரம், அழைத்துச் செல்பவர் யார், இடர் நேர்ந்தால் மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவில் என்னும் வினாக்களுக்கு அவர்களிடம் விடையில்லை.

இவ்விரு சாராரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றனர் என்பதே நம் கருத்து. மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் துணிவுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அதனைக் கற்காமல் இளையோர் புறப்படுவது பிழை. அதனைக் கற்பிக்காமல் பெரியோர் தடுப்பது அதனினும் பெரிய பிழை. ஏனெனில் தடுக்கப்பட்ட துடிப்பு அடங்கிவிடுவதில்லை. அது நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனப் பந்தயமாகவும், தண்டவாளத்தின்மீது நின்று எடுக்கும் தற்படமாகவும், நீச்சல் அறியாமல் அணைக்கட்டில் குதிக்கும் குளியலாகவும் வெளிப்படுகின்றது. இவற்றால் இளம்பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இல்லாத ஊர் ஏது?

ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பி விட்டுவிடலாமா என்று ஒருவர் வினவியபோது, முதலில் அதனைக் கட்டுமாறும் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பயணம் போகாதே என்று அங்கே சொல்லப்படவில்லை என்பதைப் பெரியோர் கருத வேண்டும். கயிறு தேவையில்லை என்றும் சொல்லப்படவில்லை என்பதை இளைஞர் கருத வேண்டும். அம்பெய்தலும் குதிரையேற்றமும் நீச்சலும் இஸ்லாமிய மரபில் போற்றி வளர்க்கப்பட்ட கலைகளே. அவை யாவும் ஆசானிடம் முறையாகப் பயிலப்பட்டவை.

அக்கயிறு யாது? வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் என அடுத்தடுத்து நான்கு அதிகாரங்களை அமைத்துள்ளார். நாடாளும் மன்னனுக்கு வகுத்த அந்நான்கும், முதுகில் மூட்டை சுமந்து புறப்படும் மாணவனுக்கும் அப்படியே பொருந்துவதைக் காணலாம்.

வலியறிதல்

தன் வலிமையையும் எதிர்நிற்கும் இயற்கையின் வலிமையையும் அறிவதே முதற்படி. லடாக்கின் தலைநகரான லே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் சென்னையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. 5,500 மீட்டரில் அது பாதியாகிவிடும். தில்லியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் லேயில் இறங்கும் இளைஞனின் உடல் இம்மாற்றத்தை அத்தனை விரைவில் ஏற்பதில்லை. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்று தொடங்கும் உயர்மலை நோய், முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும், உயிரையும் பறிக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்த தோள்வலிமை இதற்கு முன் செல்லாது. நன்கு பயின்ற விளையாட்டு வீரரையும் இந்நோய் வீழ்த்தும்.

இதற்கு வழி எளியது. முதல் இரு நாட்கள் ஓய்ந்திருக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும். நோயின் அறிகுறி முற்றினால் மேலே ஏறாமல் உடனே கீழிறங்க வேண்டும். மூன்று நாள் விடுமுறையில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்கும் பயணத்திட்டம் இவ்விதியை மீறியே தீரும்.

இறங்குவதும் வலிமையே. 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியுடன் எவரெஸ்ட் உச்சியை முதன்முதலாக அடைந்த டென்சிங் நார்கேவுக்கு அது ஏழாவது எவரெஸ்ட் பயணம். முந்தைய ஆண்டில் சுவிட்சர்லாந்துக் குழுவினரோடு சென்றபோது, ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை ஏறிவிட்டு, உச்சி அருகிலிருந்தும் திரும்பி வந்தார். அன்று திரும்பியதால்தான் மறு ஆண்டு மீண்டும் ஏற முடிந்தது. ஆறு முறை திரும்பி வந்தவரை உலகம் கோழை என்று அழைக்கவில்லை.

நம் மார்க்கமும் பயணியின் வலியறிந்தே சலுகை தந்துள்ளது. தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும், நோன்பைப் பிறிதொரு நாளில் நோற்கவும், நீர் கிடைக்காதபோது தயம்மும் செய்துகொள்ளவும் பயணிக்கு அனுமதியுண்டு. படைத்தவனே பயணியின் மெலிவைக் கருத்தில் கொண்டிருக்க, பயணி தன் மெலிவை ஒப்புக்கொள்ள நாணுவது ஏனோ?

காலமறிதல்

இந்துகுஷ் மலையைக் கடக்குமுன் இப்னு பதூதா குந்தூஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ நாற்பது நாட்கள் தங்கினார். ஒட்டகங்களுக்கும் குதிரைகளுக்கும் மேய்ச்சல் கிடைத்தது ஒரு காரணம். வழியிலுள்ள பனிக்கு அஞ்சியது மற்றொரு காரணம். பனி குறைந்த பின்னரே புறப்பட்டார். அப்போதும் ஒட்டகங்களின் கால்கள் பனியில் புதையாதிருக்க, அவற்றின் முன்னே கம்பளங்களை விரித்து விரித்து நடத்திச் சென்றனர். உலகம் சுற்றிய அம்மாவீரர் பனிக்கு அஞ்சியதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார் என்பது கருதத்தக்கது.

இமாசலப் பிரதேசத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை வான்மிதப்புக்குத் தடை உள்ளது. மழைக்காலத்தில் கங்கையில் படகுப் பயணம் நிறுத்தப்படுகின்றது. இவை வருவாயைக் கெடுக்க வந்த கெடுபிடிகளல்ல. காலத்தை அறிந்தோர் வகுத்த வரம்புகள்.

காலத்தை மீறியதன் கொடுமையைத் தமிழகம் 2018 மார்ச் 11 அன்று கண்டது. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்ற இரு குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். அவர்களுள் பெண்கள் பலர். மருத்துவமனையில் இறந்தோரையும் சேர்த்து 23 உயிர்கள் பறிபோயின. மார்ச் மாதம் அம்மலைகளில் புல் உலர்ந்து தீப்பற்றும் பருவம் என்பதை அடிவாரத்து மாடு மேய்ப்போரும் அறிவர். நகரத்திலிருந்து சென்றோர்க்கு அதனைச் சொல்ல எவரும் இல்லாது போயிற்று. அதன் பின்னரே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலையேற்ற வழிகளை வரையறுத்து, காட்டையொட்டி வாழும் பழங்குடி இளைஞரையும் சிற்றூர் இளைஞரையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, முன்பதிவு முறையில் திறந்துள்ளது. அவ்வழிகள் காட்டுத்தீப் பருவத்தில் மூடப்படுகின்றன. தடையைக் காட்டிலும் நெறிப்படுத்தலே பயன்தரும் என்னும் நம் கருத்துக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

பருவம் சரியாக இருப்பினும் அன்றைய வானிலையையும் நோக்க வேண்டும். 2024 ஜூன் தொடக்கத்தில், மலையேற்றத்துக்கு உகந்ததெனக் கருதப்படும் பருவத்திலேயே, உத்தரகாண்டின் சகஸ்திரதால் வழியில் கர்நாடகக் குழுவினர் ஒன்பதின்மர் பனிப்புயலில் சிக்கி உயிரிழந்தனர். அவர்கள் விளையாட்டாய்ப் புறப்பட்ட சிறார் அல்லர். ஆர்வமும் பட்டறிவும் உடையோர் பலர் அக்குழுவில் இருந்தனர். பெருமலைகளில் ஒரு பகற்பொழுதுக்குள் பருவமே மாறிவிடும்.

இடனறிதல்

ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கேயுரிய நெறியுண்டு. ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்தில் கைகொடுக்கும் என்று கருதலாகாது.

கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்கு. அங்கே கருவியின் வழியாக மூச்சிழுத்தவர், அம்மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து மேலே வந்தால், நுரையீரலுள் இருக்கும் காற்று இருமடங்காக விரிய முயன்று நுரையீரலையே கிழித்துவிடும். ஆதலால் மூச்சை அடக்காதிருத்தலும் மெல்ல மேலெழுதலும் மூழ்குவோர்க்கு முதற்பாடம். நீரிலிருந்து வெளிவந்த பின்னரும் எச்சரிக்கை தேவை. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் வரை விமானத்தில் ஏறலாகாது. பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமேனும் காத்திருத்தல் வேண்டும். மாலையில் மூழ்கி மறுநாள் காலை விமானத்தில் சென்னை திரும்பத் திட்டமிடுவோர் இதனை அறிந்திருக்கின்றனரா?

மகாராட்டிரத்துக் குண்டலிகா ஆற்றில் படகுப் பயணம், அணையிலிருந்து திறந்துவிடும் நீரைப் பொறுத்தது. காலையில் பொங்கி வரும் ஆறு பின்னர் வற்றிவிடும். அணை திறக்கும் நேரம் அறியாதவன் வறண்ட பாறைமீது அமர்ந்து இளைப்பாறுவான். ஒலி கேட்கும்போது நீர் கழுத்தளவு வந்திருக்கும். இராஜஸ்தானத்துப் பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய பாலையில் தண்ணீர்க் குப்பியை மறப்பது சிறு மறதியாகாது.

இடனறிதலுக்கு மற்றொரு பொருளும் உண்டு. நாம் செல்லும் இடம் நமக்கு மட்டும் உரியதன்று. இமயத்தின் உயர்புல்வெளிகள் கூடாரங்களாலும் குப்பைகளாலும் சீரழிவதைக் கண்டு, 2018 ஆகஸ்டில் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் அப்புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடைசெய்து ஆணையிட்டது. பூமியில் மனிதன் பொறுப்பாளனாக அமர்த்தப்பட்டான் என்று நம்பும் நாம், பாதையிலுள்ள முள்ளை அகற்றுவதையும் அறமெனக் கொண்ட நாம், ஞெகிழிப் பையை மலையில் விட்டுவருவது தகுமா?

தெரிந்துதெளிதல்

மன்னன் தன் வினைக்குரியாரை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. பயணி தன் உயிரை எவர் கையில் ஒப்படைக்கின்றான் என்பதை ஆராய்வதும் அதுவே. இத்தொழிலில் நன்கு பயின்ற, பொறுப்புணர்ந்த நிறுவனங்கள் பல உண்டு. ஒரு கூடாரமும் ஒரு கைப்பேசியும் மட்டுமே முதலாகக் கொண்டோரும் உண்டு. 2018 ஜூனில் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம், உரிய கொள்கை வகுக்கும் வரை அம்மாநிலத்தில் ராஃப்டிங், பாராகிளைடிங் முதலியவற்றை நிறுத்திவைக்க உத்தரவிட்டது இதன் விளைவே. அவ்வாண்டிலேயே மத்தியச் சுற்றுலா அமைச்சகமும் சாகசச் சுற்றுலாவுக்கான பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எனினும் நெறிகள் ஏட்டில் இருப்பதாலேயே கயிறு உறுதியாகிவிடாது. வழிகாட்டி எங்குப் பயின்றார், முதலுதவிச் சான்று உள்ளதா, கருவிகள் எப்போது சோதிக்கப்பட்டன, காப்பீடு உண்டா, இடர் நேர்ந்தால் மீட்புத் திட்டம் யாது என்னும் ஐந்து வினாக்களைப் பயணியே கேட்டறிய வேண்டும். கேட்டவுடன் எரிச்சலடைபவரிடம் பணம் செலுத்தாமல் திரும்பிவிடுவது நலம்.

மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பது நம் ஊர்ப் பழமொழி. மன்னார் வளைகுடாவில் கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடிக் கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாய் முத்தும் சங்கும் குளித்தனர். கல்லைக் காலிற் பிணித்து மூழ்குபவனின் உயிர், படகிலிருந்து கயிற்றைப் பிடித்திருப்பவனின் கையில் இருந்தது. கயிறு அசைந்த கணமே மேலே இழுக்க வேண்டும். ஒரு நொடி கவனம் சிதறினால் உயிர் போய்விடும். இன்று அந்தமானில் காற்றுக்கலனோடு மூழ்குவோரும் இருவர் இருவராகவே இறங்கி, ஒருவரையொருவர் கண்காணிக்கின்றனர். கருவிகள் மாறியபோதும் துணையின் தேவை மாறவில்லை.

சுமப்போர் யார்?

துணை என்று சொன்னவுடன், நம் சிந்தனைக்கு எட்டாத ஒரு கூட்டத்தை இங்கு நினைவுகூர வேண்டும். நாம் வேண்டி விரும்பி ஏற்கும் இடரை, வயிற்றுக்காக ஏற்போர் உளர். 2014 ஏப்ரல் 18 அன்று நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரத்துப் பனியருவியில் ஏற்பட்ட பனிச்சரிவில் 16 நேபாளத் தொழிலாளர் இறந்தனர். வெளிநாட்டினர் ஏறுவதற்கு வழியமைக்கவும் சுமை தூக்கவும் சென்றோர் அவர்கள். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவு நிகழ்ந்தது. உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தைச் சேர்ந்த பயிற்சியாளரும் ஆசிரியருமாக இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்ட், மகாலு ஆகிய இரு சிகரங்களையும் பதினாறு நாட்களுக்குள் ஏறி முடித்திருந்த சவிதா கன்ஸ்வால், அங்கு ஆசிரியையாய்ச் சென்று உயிர்நீத்தார். முறையாகப் பயின்றோரையும் மலை சில வேளை கொண்டுவிடுகின்றது. பயிற்சி இடரைக் குறைக்கும், அறவே நீக்காது.

2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரத்துப் பகல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக்கொன்றனர். சுற்றுலாப் பயணிகளோடு, அவர்களைக் காக்க முயன்ற உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரர் ஒருவரும் அங்கே உயிரீந்தார். அன்றாடக் கூலிக்குக் குதிரை நடத்தியவர் அவர். தம்மை நம்பி வந்தோர் தம் அமானிதம் என்று கருதியவரின் துணிவு அது. எந்தச் சிகரம் அதனினும் உயர்ந்தது?

எனவே, சுமை தூக்குவோர்க்கும் வழிகாட்டுவோர்க்கும் உரிய கூலியும் குளிருக்கேற்ற உடையும் காப்பீடும் தரப்படுகின்றனவா என்று கேட்பது பயணியின் கடமை. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயத்தினர் நாம். குறைந்த கட்டணம் என்று மகிழும்போது, அக்குறைவு எவர் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் கல்லூரிகள் செய்யத்தக்கவை

இனி நாம் செய்ய வேண்டுவது யாது? முதலாவதாக, ஒவ்வொரு கல்லூரியிலும் சாகசப் பயண மன்றம் ஒன்று அமைதல் வேண்டும். தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றின் துணையோடு இதனை எளிதில் தொடங்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை அரசு வரையறுத்த மலைவழிகளில் ஆசிரியரோடு நடைப்பயணம் செல்லலாம். தாவரவியல் துறையினர் மரங்களையும், புவியியல் துறையினர் பாறைகளையும், தமிழ்த்துறையினர் குறிஞ்சிப் பாட்டில் பயின்ற மலர்களையும் அங்கே நேரிற் காட்டலாம். அவ்வாறாயின் அச்செலவு வீண் விரயமாகாது, கல்விச் செலவேயாகும்.

இரண்டாவதாக, நீச்சலும் முதலுதவியும் எல்லா மாணவர்க்கும் கற்பிக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் எவரையும் கடலுக்கோ மலைக்கோ அனுப்பலாகாது. மலைக்குச் செல்லாதவர்க்கும் இவை வாழ்நாள் முழுதும் பயன்படும்.

மூன்றாவதாக, ஆர்வமும் தகுதியும் உடைய ஏழை மாணவரைத் தேர்ந்து, முறையான பயிற்சிக்கு அனுப்பச் சமுதாயச் செல்வந்தர் உதவ வேண்டும். டார்ஜீலிங்கில் 1954-இல் தொடங்கப்பெற்று, டென்சிங் நார்கே களப்பயிற்சியின் முதல் இயக்குநராக விளங்கிய இமாலய மலையேற்ற நிறுவனமும், உத்தரகாசியில் 1965-இல் எழுந்த நேரு நிறுவனமும், மணாலி, பகல்காம் ஆகிய இடங்களிலுள்ள நிறுவனங்களும் அடிப்படைப் பயிற்சியை ஏறத்தாழ நான்கு வாரங்களில் அளிக்கின்றன. கோவாவில் நீர்விளையாட்டுக்கெனத் தேசிய நிறுவனமே உள்ளது. பயின்றோர்க்கு வழிகாட்டியாகவும் மீட்புப்பணியாளராகவும் ஆசிரியராகவும் வேலைவாய்ப்பும் உண்டு. மருத்துவம், பொறியியல் என்னும் இரு வாயில்களையே நோக்கிக் கிடக்கும் நம் பெற்றோர் இம்மூன்றாம் வாயிலையும் நோக்கலாகாதா?

மாணவியர் பற்றியும் ஒரு சொல். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்னும் குரல் நம்மிடையே ஓங்கி ஒலிப்பதை அறிவோம். 1984-ஆம் ஆண்டில் பச்சேந்திரி பால் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணானார். 2013-இல் ரஹா முஹர்ரக் அதே உச்சியை எட்டிய முதல் சவூதி அரேபியப் பெண்ணானார். 2023-இல் முத்தமிழ்ச்செல்வி அவ்வுச்சியை அடைந்து தமிழகத்துக்குப் பெருமை சேர்த்தார். கண்ணியமான உடை, தக்க துணை, பெண் பயிற்றுநர், தனித்த தங்குமிடம் ஆகியவற்றை ஏற்பாடு செய்துதருவது நிருவாகத்தின் பொறுப்பு. அவ்வேற்பாட்டைச் செய்யும் சோம்பலுக்கு மார்க்கத்தைத் திரையாக்குவது நேர்மையன்று. குறைந்தபட்சம் நீச்சலேனும் நம் பெண்கள் கற்றிருக்க வேண்டாமா? 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது அது ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்கவில்லையே!

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். நீங்கள் போகும் மலையின் பெயரைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிச் செல்லுங்கள். சொல்லத் தயங்கும் பயணத்தில் ஏதோ ஒரு கயிறு கட்டப்படாமல் இருக்கின்றது என்று பொருள். பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். மகனோ மகளோ வந்து சொல்லும்போது, மறுப்பை முதலில் எடுக்காமல், மேலே கண்ட ஐந்து வினாக்களையும் கேளுங்கள். விடை சரியாக இருப்பின் துஆச் செய்து அனுப்புங்கள். சரியாக இல்லையெனில், உங்கள் மறுப்பின் நியாயம் அவர்களுக்கே விளங்கிவிடும்.

மலைகளைப் பூமியின் முளைகளாக நாட்டியவனும் கடலில் கலங்களைச் செலுத்துபவனும் ஆகிய எல்லாம் வல்ல இறைவன், நம் இளையோர்க்குத் துணிவையும் அதனை ஆளும் அறிவையும் ஒருங்கே அருள்வானாக! அவர்கள் சென்று, கண்டு, கற்று, நலமே இல்லம் திரும்புவார்களாக! ஆமீன்.